மட்டி ஓடும் ஊர்ச் சுவரும்

நண்டு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து பிரிக்கும்போது நண்டு மட்டும் வருவதில்லை. கண்ணிகளில் சிக்கிய முள்ளுச்சங்கு, சிப்பி, சோழி, உடைந்த கிளிஞ்சல் எல்லாம் சேர்ந்தே வரும். விலைபோகிற சங்கை வியாபாரி எடுத்துக்கொள்வார். மிச்சமெல்லாம் படகு நிறுத்தும் மணலிலேயே உதிர்ந்து, ஈ மொய்த்து, வெயிலில் வெளுத்துப் போகும். முகத்துவாரத்தில் மட்டி எடுக்கும் ஊர்களில் இது இன்னும் அதிகம். வேகவைத்துச் சதையை எடுத்த பிறகு ஓடு கொல்லையில் மேடாகக் குவிகிறது. அந்த ஓட்டைக் கொண்டு குப்பத்தின் பொதுச்சுவர் ஒன்றை ஊரே கூடிச் சித்திரமாக்குவது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது.

கடலில்லாத திருப்புட்குழியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில், பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. ராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். கடற்கரை இங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்று ஓரடி கடற்கரைகூடக் கிடையாது. ஆனால் கடல் ஓடு உள்நாட்டு ஊர்களுக்குக் காலங்காலமாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, சுண்ணாம்பாக. வெற்றிலையில் தடவவும், பொங்கலுக்குச் சுவரில் அடிக்கவும், கோபுரத்துச் சுதை உருவங்களுக்குக் குழைக்கவும் கிளிஞ்சல் சுண்ணாம்பைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். கரையிலிருந்து நமக்கு வந்தது அது. நாம் கரைக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது: பட்டுத்தறிக்கு டிசைன் எழுதுகிற கட்டத்தாள்.

இந்த அத்தியாயத்தின் வழிமுறை முழுவதும் இந்த இரண்டின்மேல் நிற்கிறது. ஒட்டுவதற்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, வரைவதற்கு நெசவுக் கட்டத்தாள். இரண்டும் இருந்தால், ஓவியம் படிக்காத நூறு பேர் சேர்ந்து ஒரே சித்திரத்தைக் குலையாமல் செய்து முடிக்கலாம்.

எந்த ஓடு எடுக்கலாம்

வலையோடு வந்து வீணாகிற ஓடு, சமையலில் மிஞ்சிய ஓடு. இந்த இரண்டு மட்டும்தான் நம் சரக்கு. உயிருள்ளதைத் தொடக்கூடாது. கரையில் காலியாகக் கிடப்பதையும் கூடை கூடையாக வாரக்கூடாது. நமக்குக் காலியாகத் தெரிகிற சங்கு, துறவி நண்டுக்கு அடுத்த வீடு. மீதி ஓடு அலையில் நொறுங்கி அந்தக் கரைக்கே மணலாகிறது. ஸ்பெயினில் கட்டலோனியாக் கடற்கரை ஒன்றில் ஏறத்தாழ 30 ஆண்டு இடைவெளியில் ஆய்வாளர்கள் ஓடுகளை எண்ணிப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சுற்றுலாப் பயணிகள் மூன்று மடங்கு அளவுக்குப் பெருகிய காலத்தில் கரையில் கிடந்த ஓடு இரண்டரை மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. நம் கரைகளில் ஒரு பள்ளிக்கூடமே கிளம்பிப் போய் 'கலைக்காக' ஓடு பொறுக்கினால் அதே கதைதான். பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பாதீர்கள். வலை பிரிக்கும் இடத்தில் ஒரு சாக்கைக் கட்டி வையுங்கள், போதும்.

ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கடைகளில் தொங்கும் பளபளப்பான சங்குகளை இதற்காக விலைக்கு வாங்கவும் வேண்டாம். கரையில் புரண்டு கிடந்த ஓட்டுக்கு அந்த மினுக்கம் இருக்காது. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டதன் அடையாளம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001 முதல் கடல் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. பவளப்பாறையை உண்டாக்கும் பவளங்களும் கடல் விசிறியும் அதில் அடக்கம். ஓட்டு வகையில் நாட்டிலஸ், ராட்சத மட்டி, ஐவிரல் சங்கில் சில வகைகள், ஜன்னல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி போன்றவை இடம்பெற்றன. 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால், வேலை தொடங்குமுன் மாவட்ட வன அலுவலகத்தில் இன்றைய பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நண்டு வலையில் பவளத்துண்டு வருவது சகஜம். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவருக்கு ஏறக்கூடாது. கூம்புச் சங்கு உயிரோடு வந்தால் வெறுங்கையால் எடுக்கவே கூடாது. அதன் விஷக்குத்தில் ஆள் இறந்ததுண்டு.

இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது பெரும்பாலும் மட்டியும் ஆளிச் சிப்பியும்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சுவர்ச் சித்திரத்துக்கு மட்டி ஓட்டைவிட நல்ல சரக்கு கிடையாது: ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வளைவு, வேண்டுமளவு கிடைக்கும், கூரான முனை இல்லை. அபூர்வச் சங்கு ஒன்றை நடுவில் வைத்தால் கண் அங்கேயே போய் நின்றுவிடும், சித்திரம் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் இருப்பதில்தான் இந்தக் கலையின் பலம்.

சித்திரத்தை ஊர் தீர்மானிக்கட்டும்

வீணான பொருளில் பெருங்கலை செய்தவர்கள் உலகத்தில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் சைமன் ரோடியா என்ற கூலித்தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக நின்று கட்டிய வாட்ஸ் கோபுரங்களில் உடைந்த ஓட்டுச்சில்லோடும் பாட்டில் துண்டோடும் கடற்சிப்பிகளும் பதிந்திருக்கின்றன. சண்டிகரில் நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் தொடங்கிய பாறைத் தோட்டம் 1976-ல்தான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வணங்கத்தக்க உழைப்பு. ஆனால் அவை ஒரு மனிதரின் மனத்திலிருந்து வந்தவை. ஒரு குப்பத்துக்கு அதைவிட, 2017-ல் மும்பை சசூன் டாக்கில் நடந்தது நெருக்கமான பாடம். அந்த மீன்பிடித் துறைமுகத்தைக் கலைக்கூடமாக்கியபோது, அங்கே வேலை செய்யும் கோலி சமூகத்தாரின் முகங்களே பெரிய பெரிய படங்களாகத் துறைமுகச் சுவரில் ஏறின. சென்னையிலும் 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்பின் சுவர்களில் பெருஞ்சித்திரங்கள் வந்தன. யாருடைய சுவர், யாருடைய முகம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

எனவே ஓட்டைப் பொறுக்கத் தொடங்கும் முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். சுவர் யாருடையது என்று கேளுங்கள். ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என ஏற்கெனவே நிற்கிற சுவராகத் தேர்ந்தெடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருப்பதால் கரையில் புதுச்சுவர் எழுப்பும் எண்ணமே வேண்டாம். பிறகு ஆண்கள் கூட்டத்தில் மட்டும் பேசி முடிக்காமல், மீன் விற்கிற பெண்களிடம் தனியே போய்க் கேளுங்கள். அவர்கள் சந்தையிலிருந்து திரும்பி, பாத்திரம் கழுவி, உட்காருகிற நேரத்துக்குப் போகவேண்டும். ஆண்கள் படகைக் கேட்பார்கள். பெண்கள் வேறு ஒன்றைக் கேட்கக்கூடும். அதுவும் சுவரில் வரவேண்டும்.

வெளியூர் ஓவியர்கள் குப்பத்துக்கு வந்தால் கடற்கன்னியும் டால்பினும் வரைந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அங்கேயே வாழ்கிறவர்களுக்குக் கடல் அப்படி இல்லை. வரைபடத்தை ஒரு வயதான மீனவரிடம் காட்டினால் முதல் பார்வையிலேயே பிழை சொல்வார்: "தம்பி, வாலடியில குட்டிக்குட்டியா துடுப்பு நிக்கணுமே, எங்க? அது இல்லன்னா வஞ்சிரம் இல்ல." படகின் அணியம் எவ்வளவு தூக்கி நிற்கவேண்டும், கரைவலைக் கயிற்றை இழுக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. இந்தத் திருத்தங்களைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. பிழையான மீன் சுவரில் ஏறினால் அந்தச் சுவரை ஊர் தன்னுடையதாக நினைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்களாக எதையும் முன்மொழியாதீர்கள்: 2004 டிசம்பர் 26 சுனாமி. அலை கொண்டுபோனவர்களுக்கு நினைவுச்சுவர் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தக் குடும்பங்கள் சொல்லட்டும். அவர்களாக எடுத்துப் பேசாதவரை வெளியாள் அந்தப் பேச்சைத் தொடக்கூடாது.

கட்டத்தாள்

காஞ்சிபுரத்துத் தறியில் புட்டா, கரை, முந்தி எதுவானாலும் டிசைன் முதலில் கட்டத்தாளில்தான் ஏறும். நிரப்பிய கட்டம் என்றால் இழை எழவேண்டும், வெற்றுக் கட்டம் என்றால் எழக்கூடாது. அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். அட்டை வரிசையாக ஏறி இறங்க, அன்னமோ இருதலைப்பட்சியோ துணியில் விழும். நெய்கிறவர் அன்னத்தை வரைவதில்லை. தன் முன்னால் வரும் வரிசையைச் சரியாகச் செய்கிறார், அவ்வளவுதான். குப்பத்துச் சுவருக்கும் இதுவே வழி: ஒரு கட்டம், ஒரு ஓடு.

இதில் நெசவு டிசைன்காரர்கள் நன்றாக அறிந்த நுட்பம் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் சித்திரம் கெடும். துணியில் ஓர் அங்குலத்துக்குள் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்பது ஒன்றாக இருக்காது. சதுரக் கட்டத்தில் வரைந்த மயில் துணியில் நசுங்கியோ நீண்டோ விழும். அதனால் அவர்கள் இழைக்கணக்குக்கு ஏற்ற விகிதத்தில் கட்டம் போட்ட தாளையே எடுப்பார்கள். மட்டி ஓட்டிலும் அப்படித்தான். 3 சென்டிமீட்டர் அகல ஓட்டை, மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடும்படி அடுக்கினால், வெளியே தெரிவது 2 சென்டிமீட்டர் உயரம்தான். ஆகவே உங்கள் கட்டமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். சாதாரண சதுரக் கட்டத்தாளில் வரைந்தால் சுவரில் வஞ்சிரம் நெடுகப் படுத்துவிடும், படகு தட்டையாகும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். சுவர் 3 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். குறுக்கே 100 கட்டம், மேலாக 80 கட்டம், மொத்தம் 8,000. பாதிக் கட்டங்கள் நிரப்பியவை, பாதி வெறுமை என்றால் 4,000 ஓடு. உடைவதற்கும் பொருந்தாததற்கும் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், 5,000. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை: நூறு ஓட்டை எடைபோட்டு ஐம்பதால் பெருக்கினால் எத்தனை கிலோ வேண்டும் என்று தெரிந்துவிடும். தாளைப் பத்துக்குப் பத்து கட்டமாக வெட்டினால் 80 துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வீட்டுக்கு ஒன்றோ மாணவருக்கு ஒன்றோ கொடுங்கள். சுவரில் ஒரு துண்டின் இடம் 30 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம். அதே அளவுப் பலகையில் மணல் பரப்பி, தாளைப் பார்த்து ஓட்டை அடுக்கிக்கொள்வது வீட்டுத் திண்ணையில் நடக்கிற வேலை. சுவரில் பதிப்பவர் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவார்.

நிறத்தை நம்பாதீர்கள். ஓட்டின் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் போய்விடும். நிற்பவை வெள்ளை, சாம்பல், பழுப்பு. இந்த மூன்றையும் பிரித்துக் கட்டத்தாளில் மூன்று குறி போடுங்கள். வெற்றுக் கட்டங்களுக்குச் சுண்ணாம்பிலேயே காவியோ மஞ்சள் மண்ணோ கலந்து தளமாக்கலாம். காவித் தளத்தில் வெள்ளோடு எடுத்துக் காட்டுவதுபோல் எந்த எனாமல் பெயிண்டும் காட்டாது. ஓட்டின்மேல் வார்னிஷ் அடிப்பது கூடவே கூடாது. ஒரே வருஷத்தில் மஞ்சளித்து உரியும்.

சித்திரத்தின் கரைப்பகுதிக்குச் சேலைக் கரைகளையே எடுத்துக்கொள்ளலாம். கோபுரக் கரை, முத்துக்கட்டம், மல்லிமொக்கு எல்லாம் கட்டத்துக்கென்றே பிறந்தவை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கரையைக் கொடுங்கள். மீனையும் மனிதரையும் கை பழகிய பிறகு தொடட்டும்.

எங்கள் ஊரில் இதே முறையில் ஒரு பள்ளிச்சுவர் எழுதினால் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது ஜடாயுதான். அதற்கு மட்டி ஓடு கைகொடுக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு மட்டியின் இரண்டு ஓடும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றல்ல. மூட்டு மேலே இருக்கும்படி, முதுகு உங்களைப் பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். மூட்டுக்கு மேலே உள்ள கொண்டை ஓர் ஓட்டில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதன் இணையில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டையும் தனித்தனிக் கூடையில் பிரித்து, இடச்சாய்வை எல்லாம் ஒரு சிறகுக்கும் வலச்சாய்வை எல்லாம் மறு சிறகுக்கும் வைத்தால், இறகு வரிசை இரண்டு பக்கமும் உடலிலிருந்து விரிந்து நிற்கும். கலந்து வைத்தால் சிறகு கலைந்ததுபோல் தெரியும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். மீனின் செதிலுக்கும் இதே பிரிவு பொருந்தும்.

கழுவுவது

இந்த வேலையில் பாதி கழுவுவதுதான். ஓட்டோடு கடல் உப்பு சுவருக்குப் போனால், ஒவ்வொரு மழைக்கும் ஈரம் இழுத்து, ஒவ்வொரு வெயிலுக்கும் வெளியே பூக்கும். பூக்கிற உப்பு சுண்ணாம்பைப் பொடிப்பொடியாகத் தள்ளும்.

மட்டி ஓட்டில் ஒட்டியிருக்கும் தசையைக் கத்தியால் சுரண்டிவிட்டு, பழைய வலைத்துண்டில் மூட்டையாகக் கட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவிடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றவேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டு மூன்று ஓட்டைத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து ஒரு கறுப்புத் தட்டில் வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு ஓட்டைச் சுற்றித் தட்டில் வெள்ளை விளிம்பு தெரிந்தால் இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி ஊறவேண்டும். தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் மழைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டைத் திறந்தவெளியில் மெல்லிதாகப் பரப்பிவைத்தால் மழையே கழுவிக்கொடுக்கும். திருகு சங்குகளுக்குள் சதை மாட்டிக்கொண்டிருக்கும். வீட்டைவிட்டுத் தள்ளி மணலில் புதைத்து எறும்புக்கு விட்டுவிட வேண்டும், ஒரு மாதமாவது ஆகும்.

ஆசிட் வேண்டாம். ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். ஆசிட் அழுக்கோடு ஓட்டையும் தின்றுவிடும். வினிகரும் அப்படியே. பிளீச்சிங் நீரில் நீண்டநேரம் போட்டாலும் மேற்பரப்பு மாவாகும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். வெட்டவோ துளையிடவோ நேர்ந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யவேண்டும். ஓட்டுத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது.

ஓடு பிரிக்கும், கழுவும் வேலை பெண்கள் தலையில்தான் விழப்போகிறது. அதற்குக் கூலி கொடுங்கள். சுவருக்கு வரும் சித்தாளுக்கு என்ன கூலியோ அதே கூலி. 'ஊருக்காகத்தானே' என்று இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை. மீன் விற்கப் போகாமல் உட்கார்ந்த ஒரு நாள் அவர்களுக்கு இழப்பு.

சுண்ணாம்பு

சிப்பியைச் சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோவுக்கு 56 கிலோதான் நிற்கும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு, போன வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, மாதக்கணக்கில் இறுகி, மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிடும். ஓடும் அதைப் பிடித்திருக்கும் பூச்சும் கடைசியில் ஒரே பொருள். சிமென்டைவிட இதை நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் அது. இரண்டாவது, சிமென்டில் பதித்த ஓடு உடைந்தால் எடுக்க முடியாது, சுற்றிலும் கொத்தவேண்டும். சுண்ணாம்பில் என்றால் உளியின் நுனியால் நெம்பி எடுத்து வேறொன்றை வைக்கலாம். கடற்கரைச் சுவருக்கு அடிக்கடி பழுது பார்க்கவேண்டியிருக்கும், ஊரே செய்துகொள்ளக்கூடிய பழுதாக அது இருக்கவேண்டும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பளிங்குபோல் தேய்த்தெடுத்த சென்னைப் பூச்சைப் பார்த்து ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சின் சாட்சிகள். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்றும் நிற்பது சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஆளி ஓட்டைச் சுட்டு, அதே சுண்ணாம்பில் மணலும் சாம்பலும் முழு ஓடும் கலந்து வார்த்த சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. ஓடும் சுண்ணாம்பும் சேர்ந்து கடற்காற்றைத் தாங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

ஓட்டைக் குப்பத்திலேயே சுடவேண்டாம். சூளை வேலை அனுபவக்காரர்களுடையது. சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பாக வாங்கி, கோயில் திருப்பணியில் பழகிய சுதை வேலைக்காரர் ஒருவரை நீற்றும் நாளுக்கும் பதிக்கும் நாட்களுக்கும் அழைத்துக்கொள்ளுங்கள். நீற்றிய விழுது குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கட்டும். கூடினால் இன்னும் நல்லது. கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு தண்ணீரில் பத்து நாள் ஊறப்போட்டு, புளித்த நீரை வடிகட்டிக் குழைப்பதற்குப் பயன்படுத்துவார்கள். அதன் அளவு கைக்குக் கை மாறும், வருகிறவர் சொல்வதே அளவு. நம் 3-க்கு 1.6 மீட்டர் சுவருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் பூச ஏறத்தாழ 72 லிட்டர் மணலும் அதில் பாதி விழுதும் ஆகும். விழுது மணலின் இடைவெளியில் அடங்கிவிடுவதால் கனம் கூடாது. கடற்கரை மணல் கூடாது, உப்பு. மணலில் கால் பங்குக்கு, நன்றாகக் கழுவி இடித்த உடைந்த ஓட்டுக் குருணையைச் சேர்த்தால் பிடிப்பு கூடும், வீணாவதும் குறையும்.

நீற்றும்போது குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடவேண்டாம். ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே கண்ணைத் திறந்து பிடித்து இருபது நிமிஷம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பதிப்பது

வங்கக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்கு அப்போதுதான் ஓய்வு. ஆனால் சுண்ணாம்புக்கு அந்த வெயிலும் காற்றும் ஆகாது, சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். தடைக்காலத்தில் கூட்டம் போடுவது, வரைவது, ஓடு பிரிப்பது, விழுது ஊறவைப்பது எல்லாவற்றையும் செய்துகொள்ளுங்கள். சுவர் வேலையை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது.

சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் முழுக்கச் சுரண்டவேண்டும். சிமென்ட் பூச்சாக இருந்தால் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, முதல் நாள் மாலையே தண்ணீர் அடித்து ஊறவிடுங்கள். தரையிலிருந்து ஓரடியை விட்டுவிடுங்கள், மழைத்தண்ணீர் தெறிக்கிற இடம் அது. அடிப்பூச்சு பூசி, கீறிவிட்டு, அது இறுகிய பிறகு நூல் சுண்டிக் கட்டங்களைச் சுவரில் அடையாளமிட்டு எண் எழுதுங்கள். பதிக்கும் பூச்சை அன்றைக்கு முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் போடவேண்டும். வேலை அடியிலிருந்து மேலே போகும். மேல்வரிசை கீழ்வரிசைமேல் ஓட்டுக்கூரைபோல் கவிந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. ஒவ்வோர் ஓட்டின் குழிவிலும் சுண்ணாம்பை நிரப்பி, முதுகு வெளியே தெரியும்படி, மூட்டுப்பக்கம் பூச்சுக்குள் போகும்படி அழுத்துங்கள். குழி நிரம்பாத ஓடு விரலால் தட்டினால் வெற்றோசை கொடுக்கும். அதை அப்போதே எடுத்துத் திரும்ப வைக்கவேண்டும், நாளைக்கு என்று விட்டால் முடியாது. முள்ளுச்சங்கு ஏதாவது வைப்பதானால் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முடித்த பகுதிக்கு முன்னால் ஈரச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு இரண்டு வாரம் மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். இந்த வேலைக்கு முறை வைத்து வீட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொடுங்கள். சுவர் நிற்பதும் உதிர்வதும் இந்த இரண்டு வாரத்தில் இருக்கிறது.

பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, தட்டிப் பார்த்துத் தளர்ந்த ஓட்டை மாற்றவேண்டும். அதற்காக ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருக்கடியில் சுண்ணாம்பு விழுதும், ஒரு சாக்கில் அளவு பிரித்த ஓடும், எண் போட்ட கட்டத்தாளின் ஒரு பிரதியும் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ இருக்கட்டும். எந்தத் துண்டு உதிர்ந்தாலும் எண்ணைப் பார்த்து அதே ஓட்டை அதே இடத்தில் வைத்துவிடலாம்.

மீந்த ஓட்டைக் குப்பையில் கொட்டவேண்டாம். உடைந்ததைக் கழுவி இடித்தால் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்தாகப் போடலாம். முழு ஆளி ஓடுகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஆளிக் குஞ்சுகள் ஒட்டி வளரக் கெட்டியான பரப்பு வேண்டும், பழைய ஆளி ஓடு அதற்கு ஏற்றது. நியூயார்க்கில் 2014-ல் தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் திட்டத்தில் உணவகங்களில் மிஞ்சும் ஓட்டைச் சேகரித்து, வெயிலில் காயவிட்டு, துறைமுக நீருக்கே திருப்பி விடுகிறார்கள். நம் முகத்துவாரங்களில் அப்படிச் செய்ய நினைத்தால், மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் இடத்தைக் கேட்டுக்கொண்டு, படகு போகும் வாய்க்காலை விட்டுத் தள்ளி, சாக்கை அவிழ்த்து ஓட்டை மட்டும் இறக்குங்கள். சாக்கு கரைக்குத் திரும்பட்டும்.